லிட்டில் கிடிங்: ஒரு சிற்றூரும் ஒரு கையெழுத்துச் சுவடியும்

இங்கிலாந்தில் ஹண்டிங்டன் நகருக்கு வடமேற்கே, வயல்வெளிகளின் நடுவே, லிட்டில் கிடிங் என்னும் குக்கிராமம் உள்ளது. ஒரு பண்ணைவீடு, சில குடியிருப்புகள், தூய யோவான் பெயரால் அமைந்த சிறு கோயில், ஊர் அவ்வளவே. இடைக்காலத்தில் இங்கிருந்த பழைய ஊர் பாழ்பட்டதற்குப் புல்மூடிய மேடுகளே சான்று. இத்துணைச் சிறிய ஊர் ஆங்கிலக் கவிதை வரலாற்றில் இருமுறை இடம்பெற்றது. அதனைக் கவிஞர் பலர் பங்குகொள்ளும் இம்மலரில் நினைவுகூர்தல் பொருத்தமாகும்.

1625இல் லண்டனில் கொள்ளைநோய் பரவிய காலத்தில் ஃபெரார் குடும்பத்தார் இங்கு வந்து சேர்ந்தனர். குடும்பத்தின் மையமாக விளங்கியவர் நிக்கோலஸ் ஃபெரார். கேம்பிரிட்ஜில் கற்றவர், அமெரிக்கக் குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா கம்பெனியில் முன்னின்று உழைத்தவர், 1624இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவ்வாண்டே கம்பெனி கலைக்கப்பட்டது. அவர்கள் வந்தபோது கோயிலில் வைக்கோல் அடைந்துகிடந்தது. தாயார் மேரி ஃபெரார், வீட்டைச் சீர்செய்யும் முன் கோயிலைத் துப்புரவு செய்யும்படி ஆணையிட்டார். 1626இல் நிக்கோலஸ் டீக்கன் பட்டம் மட்டும் பெற்றார். அதற்குமேல் எப்பதவியையும் நாடவில்லை.

அண்ணன் ஜான், தமக்கை சுசன்னா, அவர்தம் மக்கள் என முப்பதுக்கு மேற்பட்டோர் அங்கே கூடி வாழ்ந்தனர். நூற்றைம்பது சங்கீதங்களையும் நாள்தோறும் முறைவைத்து ஓதினர். நான்கு நற்செய்தி நூல்களையும் வரிவரியாகக் கத்தரித்து, ஒரே வரலாறாக இணைத்து ஒட்டி, படங்கள் சேர்த்துப் பெரும் நூல்களாகக் கட்டினர். அதில் பெண்மக்களின் கைத்திறன் பெரிது. மன்னர் முதலாம் சார்லஸ் 1633இல் அத்தகைய நூலொன்றை வாங்கிப் பார்த்து, தமக்கும் ஒன்று வேண்டினார்.

அதே 1633இல்தான் ஜார்ஜ் ஹெர்பர்ட் பெமர்டன் என்னும் ஊரில் மறைந்தார். தம் ஆங்கிலக் கவிதைகளை அவர் அச்சேற்றியிருக்கவில்லை. மரணப் படுக்கையிலிருந்து கையெழுத்துச் சுவடியை ஃபெராருக்கு அனுப்பினார். துன்புறும் ஓர் உள்ளத்திற்கேனும் பயன்படுமெனில் வெளியிடுக, இன்றேல் எரித்துவிடுக என்பது அவர் சொல்லியனுப்பிய செய்தி என ஐசக் வால்ட்டன் 1670இல் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ஃபெரார் படித்தார், எரிக்கவில்லை. அச்சுக்கு இசைவு தரவேண்டிய கேம்பிரிட்ஜ் துணைவேந்தர், சமயம் இங்கிலாந்தை விட்டு அமெரிக்கக் கரைக்குச் செல்லக் காத்திருப்பதாகக் கூறும் இரண்டு அடிகளை நீக்கச் சொன்னாராம். ஃபெரார் உடன்படவில்லை. நூல் அவ்வடிகளுடனேயே அவ்வாண்டில் வெளிவந்தது. நண்பர் மறைந்தபின் அவருடைய இரண்டு அடிகளுக்காக அதிகாரத்தின் முன் நின்ற பதிப்பாசிரியர் எத்தனை பேர்?

எனினும் இவரே 1637இல், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், தாம் சேர்த்து வைத்திருந்த நாடகங்களையும் காதற்பாடல்களையும் வீரகாவியங்களையும் தமக்குக் குழிதோண்டவிருந்த இடத்தில் எரிக்கச் செய்தார். புகைகண்ட அக்கம்பக்கத்தார், மந்திர நூல்களை எரிக்கிறார் என்று பேசிக்கொண்டனர். சுவடியைக் காத்த கையையும் நெருப்பிட்ட கையையும் என்னால் எளிதில் பொருத்திப் பார்க்க இயலவில்லை. பயன் தருவது, தராதது என்ற ஒரே துலாக்கோலில் அவர் இரண்டையும் நிறுத்தார் போலும். ஹெர்பர்ட் பிழைத்தது நம் பேறு.

உள்நாட்டுப் போரில் தோற்ற மன்னர், 1646 மே 2ஆம் நாள் இரவு மாறுவேடத்தில் இவ்வூரை அடைந்தார். ஜான் ஃபெரார் அவரை அருகிலுள்ள காப்பிங்ஃபோர்டில் தங்கவைத்தார். மூன்று நாளில் மன்னர் ஸ்காட்லாந்துப் படையிடம் சரணடைந்தார். ஜானும் சுசன்னாவும் 1657இல் மறைய, கூட்டுவாழ்வும் முடிவுற்றது. கோயிலின் இன்றைய மேற்கு முகப்பு 1714இல் எழுந்தது.

1936 மே மாதத்தில் டி. எஸ். எலியட் இங்கு வந்தார். லண்டன்மீது குண்டுகள் விழுந்த நாட்களில் விமானத் தாக்குதல் காவலராக இரவுக்காவல் புரிந்த அவர், இவ்வூரின் பெயரையே தலைப்பாகக் கொண்டு எழுதிய நெடுங்கவிதை 1942இல் வெளிவந்தது. நான்கு பகுதிகள் கொண்ட அவரது பெருநூலில் இதுவே இறுதிப் பகுதி. இன்று அக்கோயிலினுள் இருபக்க இருக்கைகளும் ஒன்றையொன்று நோக்கி அமைந்துள்ளன. வாயிலுக்கு வெளியே, நடைபாதையிலேயே, மேசை போன்ற கல்லறை நிற்கிறது. நிக்கோலஸ் ஃபெரார் அதனடியில் துயில்கிறார். உள்ளே செல்வோர் அதைச் சுற்றிக்கொண்டே செல்லவேண்டும்.