கோலாலம்பூரில் பிறந்தவர் யாழ்ப்பாணத்தில் ஏற்ற பதவி

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் தேயிலைச் சரிவுகளின் முன் நின்று ஒரு படமாவது எடுக்காமல் திரும்புவதில்லை. அந்தப் பச்சைக்குப் பின்னால் இலங்கையும் கலந்திருப்பது பலருக்குத் தெரியாது. 1929-ஆம் ஆண்டு ஜே.ஏ. ரசல் அங்கே போ தோட்டத்தைத் தொடங்கியபோது, அவருக்குத் துணை நின்ற ஏ.பி. மில்ன் இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்தவர். ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், மற்றதெல்லாம் மனிதக் கைகள். காடு அப்படித்தான் தோட்டமானது. அந்தக் கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள்.

அன்றைய மலாயாவில் தமிழர் என்றால் ஒரே மாதிரி அல்ல. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் மண்ணில் நின்றார்கள். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவர்கள் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதிய கிராணியார்களிலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் இருந்தார்கள். மொழி ஒன்றுதான், ஆனால் வாசல் வேறு, வாழ்க்கை வேறு. உத்தியோகம் முடிந்ததும் மலாயா பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள் யாழ்ப்பாணத்தில் வீடு கட்டினார்கள், கோயில் திருப்பணி செய்தார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுத்தார்கள். யாழ்ப்பாண நகரத்தில் 'மலாயன் கபே' என்ற பெயரோடு ஒரு சைவ உணவகம் இருப்பது சும்மா அல்ல!

கேமரன் மலையில் பாரத் தேயிலை தொடங்கிய அதே 1933-ஆம் ஆண்டு, ஏப்ரல் 5-ஆம் தேதி, கோலாலம்பூரில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் கைலாசபதி. ஜப்பான்காரன் காலத்தை அவர் சிறுவனாக இங்கேதான் கழித்தார். போர் முடிந்த பிறகு யாழ்ப்பாணம் போய் இந்துக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து கொழும்பு ராயல் கல்லூரி, பிறகு பேராதனைப் பல்கலைக்கழகம். இருபத்தாறு வயதிலேயே 'தினகரன்' நாளிதழின் ஆசிரியர். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரகாவியங்களோடு ஒப்பிட்டு எழுதினார். அந்த நூல் 1968-இல் ஆக்ஸ்போர்டில் அச்சானது.

இந்த மனிதர் நாற்பத்தொரு வயதில் ஒரு பதவி ஏற்றார். பதவியேற்பு என்றால் மாலை, மேளம், வாழ்த்துரை என்றுதானே நினைப்போம்? அவருக்கு வாய்த்த நாள் அப்படிப்பட்டது அல்ல. அவருடைய சொந்த மக்களில் ஒரு பெரும் பகுதியினர் அந்த விழாவுக்கே போகக்கூடாது என்றிருந்த நாள் அது.

இருபத்தொரு புள்ளி

1970-களின் தொடக்கத்தில் இலங்கைத் தமிழ் மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த நாளின் சூடு புரியும். மருத்துவம் படிக்கத் தமிழ் மொழியில் தேர்வு எழுதிய மாணவன் 400-க்கு 250 எடுக்க வேண்டும். சிங்களத்தில் எழுதியவனுக்கு 229 போதும். பொறியியலுக்குத் தமிழ் மாணவனுக்கு 250, சிங்கள மாணவனுக்கு 227. 'தரப்படுத்தல்' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். பின்னர் மாவட்டக் கணக்கும் சேர்ந்தது.

249 எடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த பையனுக்கு இந்தக் கணக்கை எப்படி விளக்குவது? அவன் தகப்பனுக்கு எப்படி விளக்குவது? நம் நாட்டில் எஸ்.டி.பி.எம். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்ட துறை கிடைக்காமல் தவித்த குடும்பங்களுக்கு விளக்கமே தேவையிருக்காது.

ஆத்திரம் கல்வியோடு நிற்கவில்லை. 1972-இல் புதிய அரசியல் சாசனம் வந்தது. தமிழ்த் தலைவர் செல்வநாயகம் அதை எதிர்த்து அவ்வாண்டு அக்டோபரில் தமது காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்து, இடைத்தேர்தலுக்குச் சவால் விட்டார். தேர்தல் நடந்ததோ 1975 பிப்ரவரியில்தான். இடையில் 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. கோலாலம்பூரில் 1966-இல் தொடங்கிய அதே மாநாட்டு வரிசைதான். அதை யாழ்ப்பாணத்தில் நடத்துவதை அரசாங்கம் விரும்பவில்லை. அமைப்பாளர்களுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் விட்டுக்கொடுக்கவும் இல்லை. கடைசி நாளான ஜனவரி 10-ஆம் தேதி இரவு, வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் கூடியிருந்த கூட்டத்துக்குள் போலீஸ் புகுந்தது. மின்கம்பி அறுந்து விழுந்தது. தமிழ் கேட்க வந்தவர்கள் பிணமானார்கள்.

அதே ஆண்டில், அதே யாழ்ப்பாணத்துக்கு, அதே அரசாங்கத்தின் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா ஒரு பல்கலைக்கழக வளாகத்தைத் திறந்து வைக்க வந்தார்.

'தலைவர்' என்ற சொல்

இலங்கையில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதுவரை இருந்த உயர்கல்வி நிலையங்களை ஒன்றாக்கி 'இலங்கைப் பல்கலைக்கழகம்' என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்திருந்தது. குடைக்கு ஒரு துணைவேந்தர். கொழும்பு, பேராதனை, வித்தியோதய, வித்தியாலங்கார, கட்டுபெத்த என்று ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு தலைவர். ஆறாவதாக வந்ததுதான் யாழ்ப்பாண வளாகம். கைலாசபதி ஏற்றது இந்தத் தலைவர் பதவியைத்தான். துணைவேந்தருக்கு ஒரு படி கீழே. பணத்துக்கும் ஆளுக்கும் கொழும்பைத்தான் பார்க்க வேண்டும்.

தமிழர் தரப்பின் குறையும் இங்கேதான் இருந்தது. தமிழரசுக் கட்சி பல்லாண்டுகளாகக் கேட்டது திருகோணமலையில் ஒரு முழுமையான தமிழ்ப் பல்கலைக்கழகம். கிடைத்ததோ யாழ்ப்பாணத்தில் ஒரு வளாகம். இதை வாங்கிக்கொண்டால் அதைக் கேட்கும் உரிமை போய்விடும் என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தை அற்பம் என்று ஒதுக்க முடியாது. வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் ஊர் திருகோணமலை. யாழ்ப்பாணத்துக்குள் சுருங்கிப்போன தமிழ்க் கல்வி, மட்டக்களப்புக்கும் மலையகத்துக்கும் எட்டாமல் போகும் என்பது அந்த வாதத்தின் நியாயமான பக்கம்.

1974 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. தமிழர் கூட்டணி விழாவைப் புறக்கணிக்கச் சொல்லியிருந்தது. மாநாட்டு மரணங்களுக்கு இன்னும் ஓராண்டு கூட நிறைவடையவில்லை. பிரதமர் வந்தார், வளாகத்தைத் திறந்து வைத்தார். சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1921-இல் திருநெல்வேலியில் எழுப்பிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களே புதிய வளாகத்தின் வீடு. (இது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி.) ஒரு நல்ல பள்ளிக்கூடத்தை எடுத்துத்தான் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள் என்ற மனத்தாங்கலும் அப்போது சேர்ந்துகொண்டது. விஞ்ஞானப் பிரிவுக்குச் சில மைல் தள்ளி வட்டுக்கோட்டையில், 1823-இல் அமெரிக்க மிஷனரிகள் செமினரி நடத்திய மண்ணில் யாழ்ப்பாணக் கல்லூரியின் இடம்.

அந்த மேடையில் இருந்த கைலாசபதியை 'அரசாங்கத்தின் ஆள்' என்று சொன்னவர்கள் உண்டு. அது பாதி உண்மை கூட இல்லை. அவர் மார்க்சியவாதி, அதை அவர் ஒருநாளும் மறைத்தது கிடையாது. ஆனால் அவர் நெருங்கியிருந்தது பீக்கிங் சார்பு அணியோடு. சிறிமாவோ அரசில் பங்கு வகித்ததோ மாஸ்கோ சார்புக் கட்சி. டானியல், டொமினிக் ஜீவா போன்ற, சாதிக் கொடுமையை எழுத்தில் எதிர்த்தவர்கள் இருந்த முற்போக்கு அணிக்கு அவர் துணை. ஆகவே யாழ்ப்பாணத்து மேட்டுக்குடிக்கும் அவர் மேல் பெரிய அன்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. தேசியவாதிகளுக்கு அவர் அந்நியர், பழமைவாதிகளுக்கு அவர் தொல்லை. இப்படி இரு பக்கமும் முகம் சுளிக்கப் பதவியேற்ற கல்வியாளர்கள் குறைவு.

இங்கே நடந்தது

நம் நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சி உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம் 1949 அக்டோபர் 8-ஆம் தேதி சிங்கப்பூரில் தொடங்கியபோது வேந்தராக அமர்த்தப்பட்டவர் மால்கம் மெக்டொனால்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. அந்த மேடையில் தமிழுக்கு இடமில்லை. பின்னர் இந்திய ஆய்வியல் துறை அமைக்க ஏற்பாடானபோது, சமஸ்கிருதத்துக்கே முதன்மை தர வேண்டும் என்ற ஆலோசனை வந்தது. ஆலோசனை சொன்னவர் தமிழ்நாட்டின் பெரிய சரித்திர அறிஞர் நீலகண்ட சாஸ்திரி! 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி சும்மா இருக்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளர்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலைப் பார்த்திராதவர்கள் கொடுத்த காசு அது. 1956-இல் துறை தொடங்கியபோது தமிழ் உள்ளே இருந்தது. 1961-இல் அந்தத் துறைக்குத் தலைமையேற்க வந்தவர் தனிநாயகம் அடிகள், யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிக்காரர். யாழ்ப்பாணம் நமக்கு ஒருவரைக் கொடுத்தது. கோலாலம்பூர் யாழ்ப்பாணத்துக்கு ஒருவரைக் கொடுத்தது.

இங்கே மக்கள் காசு கொடுத்து உள்ளே போனார்கள். அங்கே மக்கள் கதவு திறந்த நாளில் வெளியே நிற்கச் சொல்லப்பட்டார்கள். எது சரி என்று இங்கிருந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது எளிது. ஆனால் சாரங்கபாணியின் காலத்தில் இங்கே மாநாட்டுப் பந்தலில் யாரும் செத்து விழவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாணத்தில் வளாகம் திறந்த அதே 1974-இல்தான், இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்களில் மீதமிருந்த ஒன்றரை லட்சம் பேரைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ள சிறிமாவோவும் இந்திரா காந்தியும் உடன்பட்டார்கள். இந்தியாவுக்கு 75,000, இலங்கைக்கு 75,000. அவர்களில் எவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1948-இலேயே குடியுரிமை பறிபோன மக்கள் அவர்கள். 1970-களின் நடுவில் மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகளும் நடந்தன. தரப்படுத்தலில் 250 புள்ளியா 229 புள்ளியா என்ற சண்டை அவர்களுடைய லயங்களை எட்டவே இல்லை. அங்கே அந்தத் தேர்வு எழுதும் வகுப்பு வரை வந்த பிள்ளைகளே அபூர்வம். திறந்து வைத்தவர்களும் புறக்கணித்தவர்களும் அன்று பேசிய 'தமிழர் கல்வி'யில் தேயிலை பறித்தவளின் பிள்ளைக்கு இடம் இருந்ததா? கேமரன் மலைக்குத் தேயிலைத் தொழிலைக் கொடுத்த தேசத்தில் நிலைமை இது.

மூன்று ஆண்டுகள்

கைலாசபதி தலைவராக இருந்தது 1974 முதல் 1977 நடுப்பகுதி வரை, மூன்றே ஆண்டுகள். இரண்டு இடத்தில் பிரிந்து கிடந்த வளாகத்துக்கு ஆசிரியர்களைத் தேடிப்பிடித்து, வகுப்புகளை நடத்தி, ஒரு பல்கலைக்கழகத்தின் பழக்கவழக்கங்களைப் படிய வைக்க வேண்டியிருந்தது. மருதனார்மடத்து இராமநாதன் இசைக் கல்லூரி 1975-இல் வளாகத்தோடு சேர்ந்தது. கர்நாடக இசையும் பரதமும் பல்கலைக்கழகப் படிப்பாக நுழைய அது வழி திறந்தது. சிங்கள மாணவர்களும் அங்கே படித்தார்கள். தமிழ் ஊரின் நடுவில் இரண்டு மொழி மாணவர்களும் ஒரே நூலகத்தில் உட்காரும் காட்சி, அவர் நம்பிய அரசியலுக்கு ஏற்ற காட்சிதான். அது நீடிக்கவில்லை. 1977 ஆகஸ்டில் நாடு முழுவதும் இனக்கலவரம் வெடித்தபோது சிங்கள மாணவர்கள் யாழ்ப்பாணத்தைவிட்டுப் போனார்கள். அதற்குச் சற்று முன்புதான் அவருடைய பதவிக்காலம் முடிந்திருந்தது.

விழாவைப் புறக்கணித்த வீடுகளின் பிள்ளைகளும் காலப்போக்கில் அங்கேதான் படித்தார்கள். 1978-இல் மருத்துவ பீடம் வந்தது. 1979 ஜனவரி 1-ஆம் தேதி வளாகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கேட்டது கிடைக்காமல் கிடைத்த அந்த வளாகம்தான் பிற்பாடு போர்க்காலம் முழுவதும் குண்டுக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில் வகுப்பு நடத்தியது.

கைலாசபதிக்குப் பிறகு வளாகத் தலைவரானவர் வித்தியானந்தன். ஆம், 1974 மாநாட்டை அரசின் விருப்பத்துக்கு எதிராக யாழ்ப்பாணத்தில் நடத்திக்காட்டிய அதே வித்தியானந்தன். பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் அவரே. கைலாசபதி கோபித்துக்கொண்டு வேறிடம் போய்விடவில்லை. அவருக்குக் கீழே தமிழ்ப் பேராசிரியராக அதே திருநெல்வேலியில் பாடம் சொன்னார், கலைப்பீடத்துக்கும் பொறுப்பு வகித்தார். 1982 டிசம்பர் 6-ஆம் தேதி நோயில் இறந்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது.