இரு உலகப் போர்களைக் கண்ட கடற்படை வீரர்

எழுவான்கரை மக்களுக்கு இரண்டாம் உலகப் போர் ஏட்டில் மட்டும் படித்த செய்தியன்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய அதே நாளில், மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸும் அதற்குத் துணையாகச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயரும் மூழ்கடிக்கப்பட்டன. ஹேர்மிஸில் மாண்டோர் முந்நூறுக்கும் மேற்பட்டோர். களுவாஞ்சிக்குடியிலும் கல்லடியிலும் ஹேர்மிஸின் பெயரை அறிந்தோர் பலர். வம்பயரை நினைப்போர் சிலரே. 1917இல் பிரித்தானியக் கடற்படையில் சேவையைத் தொடங்கி, 1933இல் அவுஸ்திரேலியாவுக்குக் கைமாறி, இரு உலகப் போர்களிலும் ஈடுபட்ட கப்பல் அது.

ஏறக்குறைய அதே பாதையில் சென்ற ஒரு மனிதரும் இருந்தார். அவர் பெயர் குளோட் சூல்ஸ். 1901 மார்ச் 3ஆம் திகதி இங்கிலாந்தின் பேர்ஷோர் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், வயது போதாமையால் தரைப்படையில் சேர முடியாது, கடற்படைப் பயிற்சிக் கப்பலை நாடினார். 1917இல் ரிவெஞ்ச் என்னும் போர்க்கப்பலில் பணியமர்த்தப்பட்டார். (அதே ரிவெஞ்ச் 1942இல் இந்து சமுத்திரத்தில் பிரித்தானியக் கீழைக் கடற்படையில் இருந்தது என்பதை நம் வாசகர்களுக்கு இங்கே நினைவூட்டலாம்.) 1918 நவம்பர் 21ஆம் திகதி ஜேர்மன் பெருங்கடற்படை ஸ்கொட்லாந்துக் கடலில் சரணடைந்ததையும், அடுத்த ஆண்டு ஜூன் 21இல் ஸ்கபா புளோவில் தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்துக்கொண்டதையும் அவர் நேரிற் கண்டார். அங்கு தடுத்து வைக்கப்பட்டிருந்த 74 கப்பல்களுள் 52 கடலடி சென்றன. சுடாமலே ஒரு பெருங்கடற்படை அழிந்ததைப் பதினெட்டு வயதில் கண்டவர், பிற்காலத்தில் போரைப் பற்றிப் பெருமை பேசாததில் நமக்கு வியப்பில்லை.

1926இல் பயிற்சியளிப்பவராக அவுஸ்திரேலியா சென்றவர் அங்கேயே தங்கி, அந்நாட்டுக் கடற்படைக்கு மாறினார். கப்பற் பயணத்திற் சந்தித்த எதெல் என்னும் பெண்ணை மணந்தார்; அவ்வில்லறம் 75 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிமாண்டில் துறைமுகத்தில் வெடிபொருட்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஜப்பானியர் கரையிறங்கினால் துறைமுக வசதிகளையும் எண்ணெய்த் தாங்கிகளையும் தகர்ப்பது அவர் கடமை. அந்த நிலை வரவில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் அருகே ஒதுங்கிய ஜேர்மன் கண்ணிவெடியைச் செயலிழக்கச் செய்தவரும் அவரே.

1956இல் ஓய்வுபெற்ற பின் அவர் படகொன்றை வாங்கிச் சிங்கி இறால் பிடிக்கலானார். நம் கரைவலைக்காரர்களுக்கு இம்முடிவு எளிதிற் புரியும்: கடலை விட்டுக் கரையில் வாழ அவரால் இயலவில்லை. எண்பது வயதில் எழுத்துப் பயிற்சி வகுப்பொன்றிற் சேர்ந்து, குடும்பத்தாருக்காக நினைவுக் குறிப்புகளை எழுதினார்; அவை 2009இல் நூலாயின. ஆண்டுதோறும் ஏப்ரல் 25இல் நடக்கும் அன்சாக் நாள் அணிவகுப்பில் நடக்க அவர் மறுத்தார். போரைக் கொண்டாடுவதை அவர் விரும்பவில்லை. இரு போர்களிலும் சேவை செய்த ஒருவரே அவ்வாறு சொல்லும்போது, போரைப் பாராமலே அதனைப் போற்றுவோர் சற்றுச் செவிசாய்ப்பது நலம்.

2011 மே 5ஆம் திகதி பேர்த் நகரில் 110ஆம் வயதில் காலமானார். முதல் உலகப் போரின் போர்க்களச் சேவையாளருள் எஞ்சியிருந்த இறுதி மனிதர் அவர். அதே ஆண்டு டிசம்பரில் அவுஸ்திரேலியக் கடற்படை ஒரு கப்பலுக்குச் சூல்ஸ் எனப் பெயரிட்டது. சாதாரண மாலுமி ஒருவருக்குக் கிடைத்த அபூர்வ மதிப்பு அது. 2020 ஜனவரியில், காட்டுத்தீ சூழ்ந்த மல்லக்கூட்டாக் கடற்கரையில் அகப்பட்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை ஏற்றிச் சென்றது அந்தக் கப்பலே.