கடினமும் சுமையும்: நாமக்கல் உறைவிடப் பள்ளிகளை முன்வைத்து மாணவர் ஈடுபாடு குறித்த ஓர் ஆய்வு

கடுமையான பாடத்திட்டம் மாணவரைப் படிப்பில் ஆழ்த்துமா, அயரவைக்குமா? சேலத்திலிருந்து 1997இல் பிரிந்த நாமக்கல் மாவட்டம் இக்கேள்வியை ஆராயத் தகுந்த களம். லாரி, ரிக் வண்டி, கோழிப் பண்ணை ஆகியவற்றுக்குப் பேர்போன இப்பகுதி, பிளஸ் 2 உறைவிடப் பள்ளிகளாலும் மாநிலம் முழுக்க அறியப்பட்டது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் வளர்ந்த இப்பள்ளிகளின் பயிற்சிமுறை மாணவரின் உழைப்பை முழுதாகப் பெற்றது. அவர்களின் சிந்தனையை அந்த அளவுக்குப் பெறவில்லை. பயிற்சி கடுமையாக இருந்தது குறையன்று; கடினத்தை வைத்த இடமே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

மதிப்பெண் வகுத்த வகுப்பறை

தமிழகத்தில் 1984இல் வந்த தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. அதன்பின் 2016 வரை அரசு ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களை பிளஸ் 2 மதிப்பெண்ணே தீர்மானித்தது. கட்ஆஃபில் கால் மதிப்பெண்கூடக் கல்லூரியை மாற்றிவிடும். பிளஸ் 1 மதிப்பெண்ணுக்கோ சேர்க்கையில் இடமே இல்லை. எனவே பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் போர்ஷனைத் தொடங்கின. விடியுமுன் ஸ்டடி, தினமும் டெஸ்ட், உடனுக்குடன் திருத்தம், குறைந்தவர்க்கு மறுதேர்வு என நாள் ஓடியது. ஒரே புத்தகத்தை ஈராண்டு படித்தவர் சென்டம் வாங்கியதில் வியப்பில்லை.

2017இல் மாநில ரேங்க் அறிவிப்பு நின்றது. 2017-18இல் பிளஸ் 1 பொதுத்தேர்வு வந்தது. பிளஸ் 2 மொத்த மதிப்பெண் 1200இலிருந்து 600 ஆனது. 2017இல் இங்கு நடைமுறைக்கு வந்த நீட் தேர்வோ இரண்டு ஆண்டுப் பாடங்களையும் கேட்டது. புறக்கணித்த பதினொன்றாம் வகுப்பின் விலை அப்போது தெரிந்தது.

ஈடுபாட்டின் மூன்று முகங்கள்

ஃபிரெட்ரிக்ஸ், புளூமென்ஃபெல்ட், பாரிஸ் மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, ஈடுபாட்டைச் செயல், உணர்வு, அறிவு என மூன்றாகப் பகுத்தது. நாமக்கல் முறை செயல்சார் ஈடுபாட்டில் உச்சத்தைத் தொட்டது. அதன் தினத் தேர்வையும் வீண் என்று தள்ள முடியாது: திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது நெடுநாள் நிலைக்கும் என ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் காட்டினர். ஆகவே டெஸ்ட் வைப்பதை எதிர்க்கக் காரணமில்லை. அந்த டெஸ்ட் எதைக் கேட்கிறது என்பதே ஆராயத்தக்கது.

ஒரு பாடம், இரு வினாக்கள்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் சாலை வளைவின் வெளிப்புறம் ஏன் உயர்த்தப்படுகிறது என்ற பாடம் உண்டு. ‘சாய்வுக் கோணத்துக்கான சமன்பாட்டைத் தருவி’ என்று கேட்டால், படமும் ஐந்தாறு வரிகளும் மனப்பாடமாக வந்துவிடும்.

இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: ‘அச்சமன்பாட்டில் நிறையே இல்லை. அப்படியானால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில், உயரமாகப் பாரம் ஏற்றிய லாரி காலி லாரியைவிடச் சாயும் ஆபத்துக்கு உள்ளாவது ஏன்?’ சமன்பாட்டை மட்டும் அறிந்தவர் இங்கே நின்றுவிடுவார். வண்டியை ஒரு புள்ளியாகக் கொண்டே அது தருவிக்கப்பட்டது என்பதைக் கண்டுகொண்டால்தான் வழி திறக்கும். லாரியைச் சாய்ப்பது கூடுதல் எடையன்று, உயர்ந்துவிட்ட ஈர்ப்பு மையம். சக்கரங்களுக்கிடையிலான அகலத்தோடு அவ்வுயரத்தை ஒப்பிட வேண்டும். இவ்வினாவுக்கு நீண்ட ஸ்டடி தேவையில்லை. துணிந்து ஊகிக்கவும், ஊகத்தைச் சோதிக்கவும், சகமாணவரோடு வாதிடவும் வேண்டும். லாரி ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைக்கு இங்கே சொல்ல ஏதோ இருக்கிறது. அறிவுசார் ஈடுபாடும் உணர்வுசார் ஈடுபாடும் ஒருசேரப் பிறக்கும் இடம் இது.

மறுப்பும் விடையும்

‘கடன் வாங்கிப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு ஸீட்தான் வேண்டும், சிந்தனை வினாவுக்கு நேரம் ஏது?’ என்ற மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பல குடும்பங்களுக்கு இப்பள்ளிகள் உண்மையான நம்பிக்கையைத் தந்தன. ஆனால் தேர்வுமுறை மாறிய 2017, மனப்பாடத்தையே நம்பிய உழைப்பு எவ்வளவு விரைவில் மதிப்பிழக்கும் எனக் காட்டிவிட்டது. அறிமுகமற்ற வினாவை எதிர்கொள்ளும் பழக்கமோ எந்தத் தேர்விலும் கைகொடுக்கும்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி பிளஸ் 1 பொதுத்தேர்வு கைவிடப்பட்டுள்ளது. பதினொன்றாம் வகுப்பு ஆண்டை மீண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் போர்ஷனுக்குத் தாரைவார்க்கும் ஆசை எழக்கூடும். அதற்கு இடம்கொடாமல், தேர்வு நெருக்கடியற்ற அவ்வாண்டையே சிந்தனைக்குரியதாக்க வேண்டும். தினத் தேர்வு தொடரட்டும். அதில் ஒரு வினாவேனும் நோட்ஸில் விடை இல்லாததாக அமையட்டும். தவறான விடை மறுதேர்வுக்கு மட்டுமன்றி வகுப்பு விவாதத்துக்கும் வரட்டும். தூக்க நேரத்தில் கைவைக்காமல் இருக்கட்டும். உழைக்கத் தயங்காத மாணவரையும் பயிற்சி ஒழுங்கையும் இப்பகுதி ஏற்கெனவே பெற்றிருக்கிறது. வினாத்தாள் மாறினால், அதே உழைப்பு கல்வியாக மாறும்.