மருத்துவத்தில் பண்பாட்டுப் பணிவு

நோயாளியின் சமயம், உணவு, நம்பிக்கை பற்றித் தமக்கு எல்லாம் தெரியும் என்று கருதாமல், அவரிடமே கேட்டறிந்து மருத்துவர் சிகிச்சையை அமைக்கும் முறை பண்பாட்டுப் பணிவு எனப்படுகிறது. அமெரிக்க மருத்துவர்கள் மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்சியா இருவரும் 1998-இல் வெளியிட்ட கட்டுரை இக்கருத்தைப் பரவலாக்கியது. சில நாள் பயிற்சியில் கற்று முடிக்கும் திறன் அல்ல இது என்றார்கள் அவர்கள். மருத்துவர் வாழ்நாள் முழுதும் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும். நோயாளிக்கும் தமக்கும் இடையிலான அதிகார ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டும்.

கோவை போத்தனூரில் இதன் தேவை கண்கூடு. ரயில்வே சந்திப்பாக வளர்ந்த ஊர். பல மொழி, பல சமய மக்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறார்கள். ரமலான் நோன்பு மாதத்தில் காலை மாத்திரையை நிறுத்திவிட்ட சர்க்கரை நோயாளியைக் கடிந்துகொள்வது சுலபம். விடியலுக்கு முன் உண்ணும் சஹர், மாலையில் நோன்பு திறக்கும் இஃப்தார் வேளைகளுக்கேற்ப மருந்தை முன்கூட்டியே மாற்றித் தருவதுதான் வைத்தியம்.

கொங்கு வீடுகளில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத வழக்கம் இன்னும் மறையவில்லை. சின்னம்மைக்கான அசைக்ளோவிர் மருந்தோ, கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். கர்ப்பிணிக்குத் தொற்றினால் ஆபத்து அதிகம். வேப்பிலையைக் கேலி செய்யும் டாக்டரிடம் அந்த வீட்டார் வாய் திறக்க மாட்டார்கள். "வேப்பிலை இருக்கட்டுங்க, வீட்ல முழுகாம இருக்கறவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்பவருக்குப் பதில் கிடைக்கும்.

கேட்பதோடு நில்லாமல் பொறுப்பையே மக்களிடம் கொடுத்த முன்மாதிரி நீலகிரி மாவட்டம் கூடலூரில் உள்ளது. 1990-இல் உருவான அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையை மருத்துவர்கள் ஷைலா தேவி, நந்தகுமார் மேனன் தம்பதியர் கட்டியெழுப்பினர். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் போன்ற சமூகத்துப் பெண்களே செவிலியராகவும் கிராம சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி பெற்றார்கள். நிர்வாகத்திலும் ஆதிவாசிகள் பங்கேற்கிறார்கள். தருமபுரி மாவட்டம் சித்தேரி மலைகளை அடுத்த சிட்டிலிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியர் 1993-இல் கூரைக் குடிசையில் தொடங்கிய மருத்துவமனையும் உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்தே வளர்ந்தது.

பல மொழியில் அறிவிப்புப் பலகை வைத்துவிட்டு, முடிவெடுக்கும் இடத்தில் அந்த மக்களில் ஒருவரைக்கூடச் சேர்க்காத மருத்துவமனைக்குப் பண்பாட்டுப் பணிவு என்ற பெயர் பொருந்தாது.