கடைசலும் அரக்கும்: பொருநைக் கரையின் சொப்புச் சாமான்கள்

மரப் பொருள்களுக்கு வண்ணம் ஏற்றி அழகுபார்க்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் நார்வே நாட்டு உழவர் வீடுகளில், பெட்டிகளின் மேலும் அலமாரிகளின் மேலும் ரோஸ்மாலிங் என்னும் பூங்கொடி ஓவியத்தைத் தூரிகையால் தீட்டினர். பொருநைக் கரையிலோ தூரிகையின் இடத்தைக் கடைசல் எந்திரம் எடுத்துக்கொண்டது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆற்றைக் கடந்தால் வடகரையில் அம்பாசமுத்திரம். அவ்வூரின் பெயரை நெல்லைச் சீமைக்கு அப்பாலும் கொண்டுசென்றவை அங்குக் கடைந்தெடுக்கப்படும் சொப்புச் சாமான்கள்.

சொப்பு என்பது செப்பு என்பதன் பேச்சு வடிவம். செப்பு என்ற சொல்லுக்குச் செம்பு என்றும், மூடியுள்ள சிமிழ் என்றும் பொருள் உண்டு. வெளியே ஒன்றாகத் தோன்றி உள்ளே பிரிந்து நிற்கும் குடும்பத்துக்கு, உட்பகை அதிகாரத்தில் (887) வள்ளுவர் காட்டும் உவமை செப்பும் அதன் மூடியும் பொருந்தும் பொருத்தமே. அப்படிப் பொருந்த வேண்டுமானால் இரண்டும் வட்டம் பிசகாமல் அமைய வேண்டும். மரத்துக்கு அந்த வட்டத்தைத் தருவது கடைசல். தயிர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் தமிழில் வினைச்சொல் ஒன்றே என்பதை நாம் இங்கு எண்ணிப் பார்க்கலாம். மின்மோட்டார் வருமுன் மரத்துண்டும் மத்தைப் போலவே, கயிற்றை முன்னும் பின்னும் இழுக்கச் சுழன்றது.

வண்ணமும் அந்தச் சுழற்சியிலேயே ஏறுகிறது. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படிகிறது. பின்னர்த் தாழை ஓலையால் அழுத்தித் தேய்க்க, மெருகு ஏறுகிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை எனச் சொப்புகளைச் சுற்றி ஓடும் வளையங்கள் இவ்வாறு பிறந்தவை. கருநாடகத்துச் சன்னபட்டணமும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவும் பெயர் பெற்றது இதே அரக்குக் கடைசலால்தான்.

சங்ககாலச் சிறுமியர் மணலில் சிற்றில் இழைத்துச் சிறுசோறு சமைத்து விளையாடினர். அச்சிற்றிலுக்கு வேண்டிய பாத்திரங்களை மரத்தில் செய்து தந்தவர் கடைசல்காரர் என்று சொல்லத் தோன்றுகிறது. அடுப்பு, பானை, குடம், அம்மி, ஆட்டுரல், திருகை என ஒரு பெட்டிக்குள் வீடே அடங்கிவிடும். நவராத்திரிக் கொலுவில் மரப்பாச்சிக்கு அருகே இவற்றுக்கும் இடமுண்டு.

மஞ்சள் கடம்பு போன்ற, கடைசலுக்கு இணங்கும் மரங்கள் மேற்குமலையில் கிடைத்ததும் இத்தொழில் இங்கு வேரூன்றக் காரணம். 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்களாயின. 1988இல் இரண்டும் இணைந்து புலிகள் காப்பகமாயின. காடு காக்கப்பட வேண்டியதே. ஆயினும் மலைமரம் எளிதில் கிடைத்த காலம் போயிற்று. அரக்குக்கோ, இன்று ஜார்க்கண்ட், சத்தீஸ்கர்க் காடுகளை நம்பியிருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் விலை கொடுத்து, கையுழைப்புக்கும் கூலி வைத்தால், பிளாஸ்டிக் பொம்மையோடு போட்டியிடுவது அரிது. மரப் பொம்மைகளிலும் அரக்கின் இடத்தை விரைவில் பூசி முடிக்கத்தக்க செயற்கைப் பூச்சுகள் பிடித்துவருகின்றன.

குழந்தை எதையும் முதலில் வாய்க்குத்தான் கொண்டுபோகும். அதன் கையில் கொடுப்பது அரக்கா, பெயின்டா என்று கடையில் கேட்டு வாங்குவது நம் கடமை. கேட்பவர் இருந்தால்தான் அரக்குக் குச்சி பட்டறையில் தங்கும்.

தமிழ் படித்தோருக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. திருகை இன்று பெரும்பாலான வீடுகளில் இல்லை. ஆட்டுரல் கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. நகரத்துக் குழந்தை இப்பெயர்களைக் கேட்பதும், இவ்வடிவங்களைத் தொட்டு அறிவதும் சொப்புப் பெட்டியில்தான். அகராதியில் சொல் இருக்கும். அச்சொல்லுக்குரிய பொருளைக் குழந்தையின் உள்ளங்கையில் வைப்பவர் அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்.