ஒளி தேடியவர்கள் – 17: ரத்தத்துக்குப் பின்னால் என்ன?

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற சாலையில் இருக்கிறது காரியாபட்டி. வானம் பார்த்த பூமி. இங்கே பிள்ளையின் கண்ணில் ரத்தம் கட்டினால், "கிட்டிப்புள் பட்டுச்சா? முள்ளு குத்துச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இரண்டும் இல்லையென்றால் மருத்துவருக்குக் கவலை கூடும். அடிபடாத கண்ணில் ரத்தம் கசிந்தால், உள்ளே கட்டி இருக்கலாம்.

கசிந்த ரத்தம் கண்ணின் முன்னறையில் தேங்கி, அழுத்தமும் ஏறினால், ஹீமோகுளோபின் கருவிழிக்குள்ளேயே ஊறிவிடும். கருவிழி துருநிறமாகும். அந்தக் கறை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தானாகத் தெளியும்தான். ஆனால் மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை ஒளி புகாத குழந்தையின் கண், பார்க்கவே பழகாமல் போய்விடும்.

உடனே திறந்து கழுவிவிடலாமே? கூடவே கூடாது! உள்ளிருப்பது விழித்திரைப் புற்றாக இருந்தால், கத்தி போட்ட வழியே புற்றுச் செல்கள் வெளியே பரவும். கண்ணோடு போவது உயிரையும் கேட்கும். இந்நோய் கண்ட கண்ணைச் சீக்கிரமே எடுத்துவிட வேண்டும் என்று 1809-லேயே எழுதினார் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப். மயக்க மருந்து வர இன்னும் 37 ஆண்டுகள் இருந்தன. அந்தக் குழந்தைகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

கண்ணுக்குள் பார்க்க 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கருவி தந்தார். கறைபிடித்த கருவிழியை ஒளி தாண்டுமா? 1956-ல் அமெரிக்காவின் மண்ட்டும் ஹியூஸும் ஒலியை அனுப்பினார்கள். திரும்பிவந்த எதிரொலி கட்டியைக் காட்டிக்கொடுத்தது! அதே ஆண்டில் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவுக்குத் தலைவரானவர், அயன் வடமலாபுரத்துக் கரிசல் மண்ணில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவரே.

காரியாபட்டிப் பெற்றோரே, குழந்தையின் கண்பாப்பா வெள்ளையாக மின்னினாலும், அடிபடாமல் ரத்தம் கட்டினாலும், அன்றே மதுரைக்குப் பேருந்து ஏறுங்கள்.

கட்டி இல்லையென்று உறுதியானால் ரத்தத்தைக் கழுவி எடுக்கலாம். பிறகும் கறை நீங்காவிட்டால்? இன்னொருவரின் கருவிழி வேண்டும்.

1905 டிசம்பர் 7. இன்றைய செக் நாட்டின் ஒலோமோட்ஸ் நகரம். சுண்ணாம்பில் இரு கண்ணும் வெந்துபோன கூலித்தொழிலாளி ஒருவர் படுத்திருக்கிறார். இரும்புத் துண்டு பாய்ந்து பார்வை போன 11 வயதுச் சிறுவனின் கண்ணை அகற்றிய மருத்துவர் எட்வார்ட் சிர்ம், அதைத் தூக்கி எறியவில்லை. அதன் கருவிழியிலிருந்து வெட்டிய துண்டுகளைத் தொழிலாளியின் இரு கண்களிலும் பொருத்தினார்.

வலது கண் கைவிட்டது. இடது கண்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)