சொல்லிறுதியில் திறக்கும் கதவு: ஊடாடு புனைகதையும் இரண்டாம் மொழிக் கல்வியும்

கணினித் திரையில் தோன்றும் கதையைப் படித்து, அடுத்து நிகழ வேண்டியதைப் படிப்பவரே எழுதியோ தேர்ந்தோ நடத்திச் செல்லும் விளையாட்டினை ஊடாடு புனைகதை என்கிறோம். தொடக்கக் காலத்தில் அதில் படமும் இல்லை, ஒலியும் இல்லை. சொல்லே அனைத்துமாய் நின்றது. இரண்டாம் மொழி கற்பிப்போரின் கருத்தை அது கவர்ந்ததில் வியப்பில்லை. அதன் வரலாறு தமிழாசிரியருக்கு எதனை உணர்த்துகிறது என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

1970களின் இடைப்பகுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கணினி நிரலராகப் பணியாற்றிய வில் கிரவுதர், குகைகளை ஆராய்வதிலும் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத்தொடரில் தாம் அறிந்த வழிகளை அடிப்படையாக வைத்து, தம் மகள்களும் விளையாடத்தக்க குகைப் பயணக் கதையொன்றை அவர் அமைத்தார். 1977இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் வுட்ஸ் அதனை விரிவாக்கினார். ‘அட்வென்ச்சர்’ என வழங்கிய அவ்விளையாட்டு, ஒரு சொல் அல்லது இரு சொற்களாலான கட்டளையையே ஏற்றது. ‘கெட் லேம்ப்’ என எழுதினால் விளக்கு கைக்கு வரும். ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே அது நோக்கியது. இச்செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

அதே 1977இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நால்வர் எழுதத் தொடங்கிய ‘ஸோர்க்’, எதைக் கொண்டு, எதன்மீது என்பவற்றையும் உள்ளடக்கிய முழு வாக்கியங்களைப் புரிந்துகொள்ளும் நிலைக்கு முன்னேறியது.

இக்கலை விரைவில் மொழி வகுப்பறையையும் எட்டியது. அக்கழகம் 1983இல் தொடங்கிய ஏதீனா திட்டத்தின் மொழிக்கல்விப் பிரிவுக்கு ஜேனட் மரே தலைமை ஏற்றார். அதன் வழி, ஜில்பெர்ட் ஃபர்ஸ்டன்பெர்க் பிரெஞ்சு மாணவர்க்கென நிகழ்படக் கதையொன்றை உருவாக்கினார். பாரிஸ் நகரில் காதலியோடு பிணங்கிய பிலிப் என்னும் இளைஞனுக்கு மாணவர் வீடு தேடித் தர வேண்டும். கேட்ட பேச்சைச் சரியாகப் புரிந்துகொண்டால் கதை ஒரு வழியில் செல்லும். பிறழ உணர்ந்தால் வேறு வழியில் செல்லும். சிவப்பு மையால் திருத்துவார் அங்கு இல்லை, விளைவே திருத்தியது. ரூத் சாண்டர்ஸ், ஆல்டன் சாண்டர்ஸ் இருவரும் உருவாக்கிய ‘ஷ்பியோன்’ என்னும் ஒற்றன் விளையாட்டோ, மாணவர் ஜெர்மன் மொழியில் எழுதும் வாக்கியங்களை இலக்கண முறையில் பகுத்துணர முயன்றது. வேற்றுமையைச் சொல்வடிவிலேயே காட்டும் மொழிக்கு அத்தகைய முயற்சி இன்றியமையாதது.

தமிழும் அத்தகைய மொழியே. விளியோடு வேற்றுமை எட்டு என வகுத்தது தொல்காப்பியம். ‘சுரங்கத்திற்குப் போ’, ‘சுரங்கத்திலிருந்து போ’, ‘சுரங்கத்தின் வழியே போ’ என்னும் மூன்று கட்டளைகளையும் எண்ணிப் பாருங்கள். வினை ஒன்றே, பெயரும் ஒன்றே. செல்லும் திசையைச் சொல்லின் இறுதியே முடிவு செய்கிறது. முதல் ஐந்து எழுத்துகளோடு நிறுத்திக்கொள்ளும் கணினிக்கு மூன்றும் ‘சுரங்கத்’ என்றே தோன்றும். ஆங்கிலத்திற்குப் போதுமாயிருந்த சிக்கனம், தமிழின் உயிர்நிலையையே வெட்டிவிடும். ஆகவே, தமிழில் இவ்விளையாட்டை அமைக்க விழைவோர் ஆங்கில முறையைப் பெயர்த்து வைத்தல் இயலாது. உருபையே கதவின் சாவியாக்க வேண்டும். ‘விளக்கு எடு’ என உருபு தொக்கு வருவதை ஏற்பதா, ‘விளக்கை எடு’ என விரித்தே கேட்பதா என்பதையும் மாணவரின் நிலையறிந்து முடிவு செய்தல் வேண்டும்.

இன்று ட்வைன் போன்ற இலவசக் கருவிகளால், நிரல் எழுத அறியாத ஆசிரியரும் கிளைக்கதை அமைக்கலாம். எனினும், தரப்பட்ட வழிகளுள் ஒன்றைத் தொட்டுத் தேர்தல் வாசிப்பை வளர்க்குமேயன்றி, உருபை ஆக்கும் பயிற்சியைத் தாராது. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி 1966 முதல் கட்டாயப் பாடமாயிற்று. அவ்வாறு தமிழ் பயிலும் மாணவர் பலர்க்கு வேற்றுமை உருபு என்பது தேர்வுத்தாளில் நிரப்ப வேண்டிய கோடிட்ட இடமாகவே அறிமுகமாகிறது. அங்கே பிழைத்தால் ஒரு மதிப்பெண் குறையும். கதையில் பிழைத்தால், போக எண்ணிய இடத்திற்கே போக இயலாது. மொழி என்பது செயல் என்னும் உண்மையை மாணவர் உணரும் இடம் அதுவே.

இதற்குக் கணினி வரும்வரை காத்திருத்தல் வேண்டா. ஆசிரியர் குகையின் வாயிலைச் சொல்லால் வரைந்து காட்டட்டும். மாணவர் ஒருவர்பின் ஒருவராகக் கட்டளை இடட்டும். சொன்னது சொன்னபடியே கதையில் நிகழட்டும். ‘சுரங்கத்திலிருந்து’ என்று சொன்ன மாணவர் வெளியே நிற்பார். அடுத்த முறை, ‘சுரங்கத்திற்கு’ என்று அவரே திருத்திச் சொல்வார்.